டர்பைனுக்கு அரிசி போட்டவள்

வெள்ளைப் பீங்கான் தட்டில் ஒரு சிட்டிகை சாம்பல் நிறப் பொடி. அதன்மேல் ஒரு சொட்டு அயோடின் விட்டேன். பழுப்பாக விழுந்த சொட்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருநீலமாக மாறியது.

பள்ளிக்கூடத்தில் உருளைக்கிழங்குத் துண்டை வைத்து எல்லோரும் செய்து பார்த்த சோதனைதான். மாவுச்சத்து இருந்தால் நிறம் மாறும். அந்த நிறத்தைப் பார்த்து நான் சந்தோஷப்பட்ட காலம் உண்டு. அன்றைக்கு நம்பாமல் இன்னொரு சொட்டு விட்டுப் பார்த்தேன்.

எனக்குப் பின்னால் மில்லின் வொர்க்ஸ் மேனேஜர் நின்றிருந்தார். அவருக்குப் பக்கத்தில் டர்பைன் ஃபோர்மேன் பெருமாள்சாமி அண்ணன், மீசையை முறுக்கக்கூட மறந்து நின்றார்.

"என்னம்மா அது?" என்றார் மேனேஜர்.

"மாவுச்சத்து சார்."

"மாவா? டர்பைனுக்குள்ள எப்படிம்மா மாவு வரும்? நெசவுக்குப் போடுற கஞ்சித் தூசியா இருக்குமோ?"

"நம்ம மில்லுல நூல் மட்டும்தானே சார். நெசவே கிடையாது, கஞ்சிக்கு எங்க போறது?"

பஞ்சு இழையைப் பார்க்கிற மைக்ராஸ்கோப்பில் ஏற்கெனவே வைத்துப் பார்த்திருந்தேன். பொடிப்பொடியாக, மூலைமூலையாக இருந்தன துகள்கள். எனக்குச் சந்தேகமே இல்லை.

"அரிசி சார்" என்றேன்.

மேனேஜர் என்னைப் பார்க்கவில்லை. மெதுவாகத் திரும்பிப் பெருமாள்சாமி அண்ணனைப் பார்த்தார். அந்தப் பார்வை எங்கே போய் முடியும் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அயோடின் புட்டியைத் திறக்கும் முன் ஒரு வாய் தண்ணீராவது குடித்திருப்பேன்.

பறக்காத இன்ஜின்

நான் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த கதையைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். 'நூல் மில்லில் வேதியியலுக்கு என்ன வேலை?' என்று கேட்டு ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். நியாயமான கேள்விதான். என் அம்மாவும் சாகிறவரை இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

எழுபதுகளின் பிற்பாதி. மின்வெட்டுக் காலம். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்பதை வைத்துத்தான் ஊரில் கல்யாணத்துக்கு நேரம் குறித்தார்கள் என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். நாகமலை புதுக்கோட்டைக்கு மேற்கே, கம்பங்கொல்லைகளுக்கு நடுவே இருந்த எங்கள் மில்லில் கரண்ட் போனால் நூல் சுற்றுகிற ஆயிரக்கணக்கான கதிர்கள் ஒரே நேரத்தில் நின்றுபோகும். நூல் அறுந்து தொங்கும். ஆட்கள் வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிடுவார்கள்.

அதற்காக முதலாளிகள் வெளிநாட்டிலிருந்து பழைய கேஸ் டர்பைன் ஒன்றை வாங்கிப் போட்டார்கள். விமானத்துக்காகச் செய்த இன்ஜின் அது. அதைத் தரையில் படுக்கவைத்து, பின்னால் டைனமோவைக் கோத்து, கரண்ட் எடுத்தார்கள். அதில் எரிகிற டீசலில் உப்போ தண்ணீரோ கலந்திருக்கிறதா, அதன் எண்ணெயில் உலோகத் தூள் வருகிறதா என்று தினமும் பார்க்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் நான். வாசகருக்குப் பதில் கிடைத்திருக்கும்.

விமான இன்ஜின் வருகிறது என்ற செய்தி பரவியதும் சுற்றுப்பட்டி ஜனங்கள் வேலிக்கு வெளியே திரண்டுவிட்டார்கள். லாரியிலிருந்து இறங்கியது ஒரு நீளமான இரும்புப் பெட்டி. "றெக்கை எங்கப்பா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். றெக்கை இல்லை என்றதும், "அப்ப இதுக்காய்யா காட்டுவேலையைப் போட்டுட்டு வந்தோம்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அதைப் பார்த்துக்கொள்ள வந்தவர்தான் பெருமாள்சாமி அண்ணன். உசிலம்பட்டிப் பக்கம். விமானப்படையில் இன்ஜின் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை தெரிந்தவர்தான், ஆனால் அடக்கம் என்பது மருந்துக்கும் கிடையாது. எந்தப் பேச்சு எங்கே தொடங்கினாலும், "நான் ஏர்ஃபோர்ஸ்ல இருந்தப்ப" என்றுதான் வந்து சேரும். கேன்டீனில் சாம்பாரில் உப்பு கம்மி என்றாலும் அப்படித்தான்.

ஆனால் அந்த இன்ஜினை அவரைப் போல எனக்குப் புரியவைத்தவர் இல்லை.

"வெமானத்துல இந்த நெருப்புக் காத்து பின்னால பீச்சும், வெமானம் முன்னால போவும். இங்க எங்கிட்டுப் போக? அதனால அந்தக் காத்து வெளிய போற வழியில இன்னொரு சக்கரத்தை மாட்டிட்டாங்க. காத்து அதைச் சுத்தும், அது டைனமோவைச் சுத்தும். அம்புட்டுத்தேன்."

அம்புட்டுத்தான் இல்லை என்பது போகப்போகத் தெரிந்தது. வானத்தில் எடை குறைவு முக்கியம் என்பதால் மெல்லிய உலோகத்தில் செய்த உறைகளை, தரைக்கு வந்ததும் உப்புக்காற்றும் துருவும் தின்றுவிடக்கூடாது என்று எஃகில் மாற்றினார்களாம். மண்ணெண்ணெய் போன்ற எரிபொருளைப் பீச்சுவதற்குச் செய்த முனைகளை டீசலுக்காக மாற்றினார்களாம். விமானத்தில் இருந்தால் பறந்து இறங்கியதும் ஓய்வு கிடைக்கும். எங்கள் ஊரில் கரண்ட் வருகிறவரை ஓட வேண்டும். ஆகவே அதைக் கொஞ்சம் சூடு குறைவாகவே ஓட்ட வேண்டும்.

ஒரே ஒரு விஷயத்தைத்தான் யாராலும் மாற்ற முடியவில்லை. மேகத்துக்கு மேலே சுத்தமான காற்றைக் குடிப்பதற்காகப் பிறந்த இன்ஜின், எங்கள் மில்லின் பஞ்சுத் தூசியையும் செம்மண் புழுதியையும் குடித்தது. ஃபில்டர் எவ்வளவு மாட்டினாலும் மிச்சம் உள்ளே போகும். காற்றை அழுத்துகிற கம்ப்ரசரின் பிளேடுகளில் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து அப்பிக்கொள்ளும். அப்பினால் கரண்ட் குறையும்.

அரிசி தின்ற காலம்

அந்த அழுக்கை எடுக்க அந்தக் காலத்தில் ஒரு வழி இருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே காற்று நுழைகிற வாயில் எதையாவது கடினமாக, ஆனால் பிளேடை வெட்டாததாகக் கொட்டுவது. அது போகிற வேகத்தில் அழுக்கைச் சுரண்டிக்கொண்டு போய், பின்னால் நெருப்பில் எரிந்துவிடும். வெளிநாடுகளில் கொட்டை ஓட்டுத் தூளைப் போடுவார்கள். இல்லையென்றால் அரிசி.

கொட்டை ஓட்டுக்கு மதுரையில் எங்கே போவது? அரிசி என்று முடிவானது.

முதல் தடவை போட்ட நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ரேஷன் கடையில் அரிசி வந்திருக்கிறதா என்று ஆள்விட்டுப் பார்த்துக்கொண்டிருந்த காலம். ஃபில்டர் அறைக்கு மேலே இரும்பு ஏணி வைத்து, ஃபில்டரைத் தாண்டிய இடத்தில் ஒரு தகரப் புனலைப் பொருத்தி, பெருமாள்சாமி அண்ணன் ஒவ்வொரு படியாக அளந்து அரிசியைக் கொட்டினார். கீழே சாப்பாட்டு நேரத்துக்கு வெளியே வந்திருந்த பெண்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

அதில் என் அக்கா பேச்சியம்மாளும் நின்றிருந்தாள்.

என் அக்காவைப் பற்றி இரண்டு வார்த்தை. எங்கள் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு அந்த மில்லில் ரீலிங் பகுதிக்கு, அதாவது நூலைச் சிட்டம் என்கிற கற்றைகளாகச் சுற்றுகிற வேலைக்குப் போனவள். என்னை எம்.எஸ்ஸி. வரை படிக்கவைத்தது அவளுடைய கைகள். அவள் வேலை செய்கிற அதே மில்லில் நான் ஆய்வகத்தில் வெள்ளைக் கோட்டோடு உட்கார்ந்தபோது, அவள் இன்னும் பதிலித் தொழிலாளிதான். நிரந்தரத் தொழிலாளி யாராவது வராத நாளில் அவருடைய இடத்தில் வேலை. இடையில் விட்டுப்போகாமல் தொடர்ந்து வேலை கிடைத்தால்தான் ஒருநாள் பர்மனென்ட். அக்காவுக்கு அந்த ஒருநாள் வரவே இல்லை. ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் வரும், கரண்ட் போகும், பதிலிகளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், தொடர்ச்சி அறுந்துபோகும்.

அப்படிப்பட்டவள் அரிசியை மெஷினில் கொட்டுவதைப் பார்த்தால் சும்மா இருப்பாளா?

"ஏண்ணே, உங்க வீட்டுல இதை யாரும் திங்கிறதில்லையா?" என்று கீழிருந்தே கத்தினாள். "நாங்க ஒரு படிக்கு நாயா அலையிறோம். இங்க இரும்புக்குப் பந்தி வைக்கிறீகளாக்கும்!"

"இது தின்னாத்தேன் தாயி நீ திங்க முடியும்" என்றார் அண்ணன் மேலேயிருந்து.

அக்கா மண்ணை வாரித் தூற்றாத குறை. ஆனால் அன்று பிற்பகல் கரண்ட் ஏறியது. நின்றிருந்த மெஷின்கள் ஓடின. வீட்டுக்கு அனுப்ப இருந்த பதிலிகளைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அக்கா வாயை மூடிக்கொண்டு சிட்டம் சுற்றினாள்.

பிறகு ஒருநாள் அரிசியில் கிடந்த கல் ஒன்று உள்ளே போய் பிளேடைக் கொத்திவிட்டது. ரேஷன் அரிசியில் கல் இருக்கும் என்பதை வெளிநாட்டுக்காரன் புத்தகத்தில் போட்டிருக்கவில்லை. அதிலிருந்து ரீலிங் பெண்களைக் கூப்பிட்டு முறத்தில் புடைத்துக் கல் பொறுக்கவைத்தார்கள். வெள்ளிக்கிழமை தோறும் அந்த வேலை. திட்டிக்கொண்டே தொடங்கியவர்கள், நாளாக ஆக அதில் ஒரு முறையை உண்டாக்கிவிட்டார்கள். புடைத்து முடித்ததும் படிக்கு ஒரு பொட்டு. முதல் கைப்பிடியைக் கண்ணில் ஒற்றிப் போடுவது. யார் புனலருகே எடுத்துப் போவது என்பதில் சண்டைகூட வரும். அக்காதான் பெரும்பாலும் ஜெயிப்பாள்.

நான் கேலி செய்தேன். "அது இன்ஜின்க்கா. மாரியம்மன் இல்ல."

"உனக்கு மாசச் சம்பளம். எனக்கு அது ஓடுனாத்தேன் சோறு" என்றாள்.

புனல் மட்டும் மிச்சம்

சில வருடங்கள் போன பிறகு, அந்த இன்ஜினைப் பெரிய பழுதுபார்ப்புக்காக அனுப்ப வேண்டி வந்தது. இந்த வகை இன்ஜினில் ஒரு வசதி உண்டு. முழு இன்ஜினையே கழற்றிக் கொடுத்துவிட்டு, அதன் இடத்தில் வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம். சைக்கிள் சக்கரத்தை மாற்றுவது போல என்று சொன்னால் பெருமாள்சாமி அண்ணனுக்குக் கோபம் வரும். ஆனால் ஏறக்குறைய அப்படித்தான். மாற்றாக வந்தது பார்வைக்கு அச்சு அசல் பழையதேதான். அதே வரிசையில் பிந்திய மாடல். கூடுதல் சூட்டில் ஓடும், கூடுதல் கரண்ட் தரும்.

அந்தக் கூடுதல் சூட்டைத் தாங்குவதற்கு உள்ளே ஒன்றை மாற்றியிருந்தார்கள். பழைய இன்ஜினில் நெருப்புக் காற்று மோதுகிற பிளேடுகள் கெட்டியானவை. புதியதில் அதே பிளேடுகளுக்குள் ஊசி நுழைகிற அளவில் ஓட்டைகள். கம்ப்ரசரிலிருந்து கொஞ்சம் காற்றை ஒரு குழாய் வழியாகக் கொண்டுவந்து, அந்த ஓட்டைகள் வழியே செலுத்திப் பிளேடைக் குளிரவைத்தார்கள். ஓட்டை அடைத்தால் பிளேடு வெந்துபோகும். ஆகவே இனி அரிசி கூடாது, எதையும் கொட்டக் கூடாது. இன்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, சோப்புக் கரைசலும் சுத்தமான தண்ணீரும் விட்டுக் கழுவ வேண்டும். இந்தக் காரணமெல்லாம் இன்ஜினியர்களுக்கு ஆங்கிலத்தில் வந்து, இன்ஜினியர்களோடு நின்றது. ஆய்வகத்துக்குக்கூட வரவில்லை. ரீலிங் பெண்களுக்கு வந்தது ஒரே ஒரு வரி: "இனிமே அரிசி பொறுக்க வர வேணாம்."

மேலே இருந்த தகரப் புனலைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை.

கழுவுவதற்கு இன்ஜின் நிற்க வேண்டும் அல்லவா? நிறுத்தினால் உற்பத்தி போகும். "அடுத்த வாரம் பாப்போம்" என்று மேனேஜர் தள்ளிப்போட்டார். அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். மேலே முதலாளி, கீழே சங்கம், நடுவில் மின்வெட்டு என்று மூன்று பக்கமும் இடிபட்ட மனிதர். அடுத்த வாரமும் அதையே சொன்னார். அழுக்கு ஏறியது. கரண்ட் இறங்கியது. பதிலிகளை மறுபடி வீட்டுக்கு அனுப்பத் தொடங்கினார்கள்.

அந்தத் தடவை அக்காவுக்கும் அந்த ஒருநாள் வந்துவிட்டது போலிருந்தது. பர்மனென்ட் ஆகப்போகிறவர்களில் அவள் பெயரும் அடிபட்டது. இடையில் விட்டுப்போகாமல் இன்னும் கொஞ்ச காலம் ஓட்டிவிட்டால் போதும். கரண்ட் இன்னும் இறங்கினால் அவளையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

பெருமாள்சாமி அண்ணன் கேன்டீனில் ஊருக்கே கேட்கிற மாதிரி புலம்புவார். "மெஷின் மூச்சு வாங்குது. வயித்துல அழுக்கு. குளிப்பாட்டவும் விட மாட்டேங்கிறாக, பழையபடி அரிசி போடவும் முடியல. நான் ஏர்ஃபோர்ஸ்ல இருந்தப்ப இப்படி ஒரு இன்ஜினை நிறுத்தியே வச்சிருப்போம்."

ஏன் அரிசி போட முடியாது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

கைவைத்தியம்

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் கரண்ட் தானாகவே ஏறியது.

யாருக்கும் காரணம் புரியவில்லை. பெருமாள்சாமி அண்ணனுக்கும்தான் புரியவில்லை. ஆனால் புரியவில்லை என்று சொல்கிற ஆளா அவர்? மேனேஜர் வந்து விசாரித்தபோது மீசையை ஒரு முறுக்கு முறுக்கி, "எல்லாம் நம்ம கைவைத்தியம் சார்" என்றார். அதற்குப் பிறகு வந்த சில வாரங்களில் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் அண்ணன் பெருமை வாங்கிக்கொண்டார். மேனேஜர் அவருக்குத் தன் கையால் டீ வாங்கிக் கொடுத்ததை நானே பார்த்தேன்.

பிறகு ஒருநாள் முற்பகலில், புகைபோக்கிச் சூட்டைக் காட்டுகிற முட்களில் ஒரு பக்கம் மட்டும் தாறுமாறாக ஏறியது. அண்ணன் யாரையும் கேட்காமல் இன்ஜினை நிறுத்தினார். அதை இப்போதும் பெரிய மரியாதையோடு நினைத்துக்கொள்கிறேன். மறுநாள், ஆறிய பிறகு, டாக்டர்கள் வயிற்றுக்குள் விட்டுப் பார்ப்பது போன்ற நீளக் குழல் ஒன்றை உள்ளே விட்டுப் பார்த்தார். பிளேடுகளின் ஓரம் வெந்து கரைந்திருந்தது. ஒன்று முறிந்திருந்தால் பின்னாலிருந்த அத்தனையும் போயிருக்கும்.

ஓட்டைகளில் கருப்பாக ஏதோ அடைத்திருந்தது. அது எரிந்து கரியாகிவிட்டதால் என்னவென்று சொல்ல முடியவில்லை. ஆனால் குளிர்காற்றைக் கொண்டுவருகிற குழாயின் வளைவில், அவ்வளவு சூடு படாத இடத்தில், கொஞ்சம் பொடி தங்கியிருந்தது. அதைத்தான் என்னிடம் கொண்டுவந்தார்கள். அதன்மேல்தான் நான் அயோடின் விட்டேன்.

"இதுதானா உங்க கைவைத்தியம்?" என்றார் மேனேஜர்.

பெருமாள்சாமி அண்ணன் இரண்டு கையையும் விரித்தார். "சார், சத்தியமா நான் போடல."

"அப்ப கரண்ட் எப்படி ஏறுச்சு? நீங்கதானே மார் தட்டினீங்க?"

கைவைத்தியம் என்று தான் சொன்னது வெறும் வாய்ச்சவடால் என்று அண்ணனால் அந்த இடத்தில் சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தாலும் யார் நம்பியிருப்பார்கள்? அன்று மதியமே அவரை வெளியே அனுப்பினார்கள். விசாரணை நடக்கும், வேலை போவது நிச்சயம் என்று பேசிக்கொண்டார்கள்.

மாலையில் அக்காவும் நானும் வழக்கம்போல வரப்பு வழியாக நடந்து வீட்டுக்குப் போனோம். அரசுக் கரண்டில் ரீலிங் பகுதி அரைகுறையாக ஓடிக்கொண்டிருந்தது. பர்மனென்ட் ஆகப்போகிறவர்களை மட்டும் இன்னும் வீட்டுக்கு அனுப்பவில்லை என்பதால் அவளுக்கு வேலை இருந்தது. நடந்ததைச் சொல்லிக்கொண்டே போனேன். அயோடின், கருநீலம், அரிசி எல்லாம். அக்கா பின்தங்கிவிட்டாள். திரும்பிப் பார்த்தால், தூக்குவாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"அந்த அண்ணனையா வெளிய அனுப்பிட்டாக?"

"ஆமா."

"அவரு போடலடி. நாந்தேன் போட்டேன்."

வெள்ளிக்கிழமைகளில், எல்லோரும் சாப்பிடுகிற நேரத்தில், தூக்குவாளியில் வீட்டு அரிசியைக் கொண்டுபோய் அந்தப் புனலில் கொட்டியிருக்கிறாள். டர்பைன் போடுகிற சத்தத்தில் ஏணி ஏறுகிற சத்தம் யாருக்குக் கேட்கும்? கல் பொறுக்கி, புடைத்து, முதல் கைப்பிடியைக் கண்ணில் ஒற்றி, எல்லாம் முறைப்படி. அந்த வெள்ளிக்கிழமை இரவுகளில் தனக்குப் பசியில்லை என்று அவள் படுத்துக்கொண்டதற்கும் அப்போதுதான் எனக்குக் காரணம் தெரிந்தது.

"போட்ட அன்னைக்கே கரண்டு ஏறுச்சுல்ல? அதான் மறுக்கா மறுக்கா போட்டேன். நல்லதுன்னுதேன்டி நெனச்சேன்."

அவள் நினைத்தது முழுத் தவறும் இல்லை. கம்ப்ரசரின் அழுக்கை அரிசி சுரண்டத்தான் செய்தது. அதனால்தான் கரண்ட் ஏறியது. ஏற்றிவிட்டு, அதே அரிசி மாவாகப் போய் ஓட்டைகளை அடைத்தது.

நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் சொன்னால் பர்மனென்ட் போய்விடும். சொல்லாவிட்டால் அண்ணனின் வேலை போய்விடும். எனக்கு அழுகையாக வந்தது.

"யோசிச்சுக்கக்கா. இத்தனை வருசம் கழிச்சு இப்பத்தான் கைக்கு வருது."

"யோசிக்க என்ன இருக்கு? அவரு பொண்டாட்டிக்கு நான் எந்த மூஞ்சியோட எதிர்ல வாரது?"

மேனேஜர் அறை

மறுநாள் காலை அவள் மேனேஜர் அறைக்குள் போனாள். நானும் கூடப் போனேன். அக்கா தூக்குவாளியை மேசைமேல் வைத்தாள்.

"சார், இதுலதேன் கொண்டாந்து போட்டேன். அந்த அண்ணனுக்கு ஒண்ணும் தெரியாது."

மேனேஜர் அவளையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். நம்புவதற்கு அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. நம்பிய பிறகு கத்தினார். எவ்வளவு பெரிய நஷ்டம் தெரியுமா, யாரைக் கேட்டுப் போட்டாய், உன்னிடம் யார் சொன்னார்கள் அரிசி போடச் சொல்லி?

"நீங்கதேன் சார் சொன்னீக" என்றாள் அக்கா.

அவள் குரலை உயர்த்தவில்லை.

"அரிசியைக் கொட்டாதீகன்னு அன்னைக்கு நாங்க கத்துனோம். கொட்டுனாத்தேன் மெஷின் ஓடும், உனக்குச் சோறுன்னு சொன்னீக. வருசக்கணக்கா எங்களை உக்காத்தி வச்சுக் கல்லு பொறுக்கச் சொன்னீக. அப்புறம் ஒருநா வர வேணாம்னீக. ஏன் வேணாம்னு எங்ககிட்ட யாரு சார் சொன்னா? மெஷின் இளைக்குதுன்னு அந்த அண்ணே தெனம் சொல்றாரு. எங்களுக்குத் தெரிஞ்ச வைத்தியம் ஒண்ணே ஒண்ணுதேன். அதைச் செஞ்சேன்."

மேனேஜர் பேனாவைத் திறந்தார், மூடினார். ஜன்னலுக்கு வெளியே, நின்றுபோன டர்பைனின் மேலே, அந்தத் தகரப் புனல் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. அவரும் அதைத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

பெருமாள்சாமி அண்ணனை அன்றே திரும்பக் கூப்பிட்டார்கள். புனலைக் கழற்றி அந்த ஓட்டையைத் தகடு வைத்து அடைத்தார்கள். கழுவுவதற்கென்று மாதத்தில் ஒரு நாளை ஒதுக்கினார்கள். அக்காவின் பெயரைப் பதிலிகளிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். சங்கத்தில் கொஞ்சம் பேசிப் பார்த்தார்கள், பலனில்லை. நான் ராஜினாமா செய்கிறேன் என்று குதித்தேன். "ரெண்டு பேரும் வீட்டுல உக்காந்து எதைத் திங்கிறது? போடி வேலைக்கு" என்று அக்கா என் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கையில் திணித்து அனுப்பினாள். ஒரு மாதத்துக்குள் மதுரை சிம்மக்கல்லில் நூல் மொத்த வியாபாரம் செய்கிற கடையொன்றில் சிட்டம் கட்டுகிற வேலை அவளுக்குக் கிடைத்தது. டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்வந்தாள். அதன்பின் எந்த இடத்திலும் அவள் பர்மனென்ட் ஆகவில்லை.

இரண்டு பிளேடுகள்

டர்பைனுக்குப் புதுப் பிளேடுகள் வந்து மாட்டியபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெருமாள்சாமி அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் பழைய துணியில் சுற்றிய பொட்டலம். மேனேஜரே கொடுத்தனுப்பினாராம், "அந்தம்மாகிட்ட காட்டிட்டு வாங்க" என்று.

உள்ளே இரண்டு பிளேடுகள், விரல் நீளத்தில். இரண்டின் ஓரமும் கருகியிருந்தது. ஒன்றில் ஓட்டைகள் திறந்திருந்தன, மற்றொன்றில் அடைத்திருந்தன.

அண்ணன் அன்றைக்கு ஏர்ஃபோர்ஸ் பேச்சே எடுக்கவில்லை. திறந்திருந்ததை அக்காவிடம் கொடுத்து, "அடியில வாயை வச்சு ஊது தாயி" என்றார். அக்கா ஊதினாள். நான் மேலே உள்ளங்கையைப் பிடித்தேன். நூலிழை மாதிரிக் காற்று வந்து தொட்டது. பிறகு நான் ஊத அவள் கையை வைத்துப் பார்த்தாள்.

"இம்புட்டுக்காண்டு ஓட்டையிலயா அது மூச்சு விட்டுச்சு?"

"ஆமா."

மற்றதை வாங்கி ஊதினாள். கன்னம் உப்பியதே தவிர ஒன்றும் வரவில்லை. மறுபடி ஊதினாள். பிறகு மடியில் வைத்து, அடைத்த ஓட்டைகளை ஒவ்வொன்றாக நகத்தால் தடவினாள்.

"இதை அன்னைக்கே எங்களுக்குக் காட்டியிருக்கலாம்லண்ணே" என்றாள். "ஒரு பருக்கை போட்டிருக்க மாட்டேன்."

"காட்டியிருக்கணும் தாயி" என்றார் அண்ணன். "ஊரு பூரா வாய் கிழியப் பேசுனேன். பேச வேண்டியதைப் பேசல."

அடைத்திருந்த பிளேடைத் தனக்கு வேண்டும் என்று அக்கா கேட்டு வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து கொஞ்ச நாள், வேலையிலிருந்து வந்ததும் ஒரு ஊசியை எடுத்துக்கொண்டு வாசலில் வெளிச்சமாக உட்கார்ந்துவிடுவாள். கரியைக் குத்திக் குத்தி எடுப்பாள். ஊதிப் பார்ப்பாள். மறுபடி குத்துவாள். ஒருநாள் மாலை, "ஏடி, கையைக் கொண்டா" என்று என்னைக் கூப்பிட்டாள். உள்ளங்கையில் காற்று வந்தது. சின்னப் பிள்ளை போலச் சிரித்தாள்.

மில் பிற்பாடு மூடப்பட்டது. டர்பைனை யாரோ விலைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். பெருமாள்சாமி அண்ணனும் இப்போது இல்லை. அந்தப் பிளேடு மட்டும் அக்கா வீட்டில் இருக்கிறது.

ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் நான் அங்கேதான். அரிவாள்மனை, கத்தரிக்கோல், பேரனின் மோட்டார் பைக் சாவி ஆகியவற்றோடு அதையும் துடைத்து வரிசையில் வைப்பாள். சந்தனமும் குங்குமமும் இடுவாள். கண்பார்வை மங்கிவிட்டது, கையும் லேசாக நடுங்குகிறது. மற்ற சாமான்களில் சந்தனம் அப்படி இப்படி வழியும், அவள் கவலைப்படமாட்டாள். பிளேடிடம் வரும்போது மட்டும் முகத்துக்கு அருகே கொண்டுபோய், விரலால் தடவித் தடவிப் பார்த்து, ஓரமாக ஒரு சின்னப் பொட்டு வைப்பாள். பிறகு அடியில் வாயை வைத்து ஒரு தடவை ஊதுவாள். ஓட்டையில் சந்தனம் படவில்லை என்று உறுதியான பிறகுதான் சூடம் கொளுத்தச் சொல்வாள்.